ஆஸ்பத்திரி எங்கே இருந்தது?

2025 மார்ச் 3, காலை. வந்த கேள்வி:

"கிளிநொச்சியில் ஆஸ்பத்திரி என்று ஒன்று வந்ததே 2009க்குப் பிறகுதான், அதற்கு முதல் சனம் எல்லாத்துக்கும் யாழ்ப்பாணம்தான் போனது என்று எங்கட ரியூசன் சேர் சொல்கிறார். சரியா? ஒப்படைக்கு வேணும், கெதியாகச் சொல்லுங்கோ."

மார்ச் 3, இரவு 9.40

பிழை. என் அப்பா 1979இல் அந்த ஆஸ்பத்திரியில் அட்டென்டனாகச் சேர்ந்தவர் என்று உங்கள் சேரிடம் சொல்லுங்கள். வாட்டுக் கூட்டினது, கட்டில் தள்ளினது, பிரேதம் தூக்கினது எல்லாம் அவர்தான். இல்லாத ஆஸ்பத்திரியை ஒரு மனிசன் முப்பது வருடம் கூட்டியிருக்க ஏலாது.

கிளிநொச்சிப் பட்டினமே 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கினது. யாழ்ப்பாணத்தில் காணி இல்லாத, வேலை இல்லாத சனத்தைக் கொண்டுவந்து காடு வெட்ட விட்டார்கள். பிறகு குளம் கட்டினார்கள், நெல் வந்தது, காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் இருக்கிற இடத்தில் மருந்து கொடுக்க ஒரு ஆள் இல்லாமல் குடியேற்றம் நடக்காது.

மார்ச் 3, இரவு 11.15

படுத்துவிட்டு எழும்பி வந்து எழுதுகிறேன். "பிறகு குளம் கட்டினார்கள்" என்றது பிழை. இரணைமடுக் குளத்து வேலை 1902இல் தொடங்கி, இருபது வருடத்துக்குக் கிட்ட இழுத்து முடிந்தது. குளம் முதல், சனம் பிறகு. ஒப்படையில் மாற்றி எழுதிப்போட்டு என்னைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதுவரைக்கும் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. கடிதாசிப்படி பார்த்தால் கிளிநொச்சியில் மருந்து எடுத்தவனும் "யாழ்ப்பாணத்தில்" எடுத்தவன்தான். சேர் அதை மனதில் வைத்துச் சொன்னாரோ தெரியாது. அப்படியென்றால் பாதி மன்னிக்கலாம்.

மார்ச் 4

ஒரு தம்பி "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவின் கிளினிக் கொப்பி இருக்கிறது.

பிரஷரும் சீனி வருத்தமும். மஞ்சளாகிப் போன சாதாரண ரூல் கொப்பி. யூரியாப் பையின் உள்பையை வெட்டி உறை போட்டது, அதற்கு மேல் ரப்பர் பட்டி. முதல் பக்கங்களில் கிளிநொச்சி முத்திரை, ஊதா மை. பிறகு அக்கராயன் முத்திரை. பிறகு திரும்பவும் கிளிநொச்சி. அதற்குப் பிறகு தருமபுரம். அடுத்த இரண்டு பக்கத்தில் முத்திரையே கிடையாது, டொக்டரின் பேனை எழுத்து மட்டும்: திகதி, பிரஷர் எவ்வளவு, "மருந்து இல்லை". அடுத்தது வவுனியா. அடுத்தது திரும்பக் கிளிநொச்சி, இந்த முறை நீல மை.

சேர் "எப்போது வந்தது" என்று கேட்கிறார். வன்னியில் அப்படிக் கேட்டால் சரிவராது. "இந்த வருடம் ஆஸ்பத்திரி எங்கே இருந்தது" என்று கேட்க வேண்டும்.

அக்கராயன் முத்திரைக்குக் காரணம் 1996. சத்ஜெய நடவடிக்கையில் அந்த வருடம் செப்டெம்பரில் இராணுவம் கிளிநொச்சிக்குள் வந்தது. ஆஸ்பத்திரி மேற்குப் பக்கம் அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. சும்மா சொல்லவில்லை, கட்டில், மேசை, தராசு, மருந்துப் பெட்டி எல்லாம் உழவு மெஷினில் போனது. அப்பா பின் பெட்டியில் இருந்து ஒரு கையால் எடை பார்க்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு போனார். அது போய்ச் சேர்ந்த பிறகு எல்லாரையும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டிக்கொண்டிருந்ததாம். இடம்பெயர்ந்து எலும்பாய் வந்த சனத்துக்கு அதாவது ஒரு சந்தோசம்.

மார்ச் 5

மேலே எழுதியதைத் தங்கச்சி வாசித்துவிட்டு ஃபோன் எடுத்தாள். "அது ஒரு கொப்பி இல்லை, மூண்டு கொப்பி. அம்மா ஊசி நூலால சேர்த்துத் தைச்சு வைச்சிருக்கிறா." போய்ப் பார்த்தேன். உண்மைதான், மூன்று. நடுக் கொப்பியின் பின்னட்டையில் என்னுடைய ஏழாம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது, பின்னங்களைக் கூட்டினது. விடையும் பிழை. தைத்த நூல் சேலைக்கரை நூல்.

மார்ச் 5, பின்னேரம்

பழைய மருந்து கொடுக்கிற முறையைப் பற்றிக் கேட்டீர்கள். சின்ன ஊர்களில் டொக்டர் கிடையாது. முந்தி அப்போத்திக்கரி, பிறகு ஏ.எம்.பி. (உதவி மருத்துவர்), இன்னும் பிறகு ஆர்.எம்.ஓ. (பதிவுபெற்ற மருத்துவ அலுவலர்) என்று பெயர் மாறினதே தவிர ஆள் ஒருவர்தான்: அவரே பார்த்து, அவரே எழுதி, தேவையென்றால் அவரே ஊசியும் போடுவார்.

தண்ணி மருந்துக்குப் போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். சாராயப் போத்தல், நெல்லிரசப் போத்தல், எது கிடைத்தாலும் சரி. கழுவாமல் கொண்டுபோனால் ஏச்சு விழும். மருந்து கலக்குபவர் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை ஓரம் ஓரமாகப் பல் பல்லாக வெட்டிப் போத்தலில் ஒட்டிவிடுவார். ஒரு பல் ஒரு வேளை. எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சியும் பல் எண்ணிக் குடிப்பா. இன்றைக்குத் தருகிற பொலித்தீன் பையில் "2 x 3" என்று கிறுக்கித் தருகிறார்கள், ஆச்சி ஆறு குளிசையை ஒரே அடியாக விழுங்குகிறா.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் முப்பது வருடத்தில் மருந்துத் துண்டில் எழுதுகிற லத்தீன் மட்டும் தண்ணி பட்ட பாடு. "மானே" என்றால் காலை, "நொக்டே" என்றால் இரவு. வீட்டிலும் அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போது "மானே ஒண்டு, நொக்டே ஒண்டு" என்பார். அப்பா தன்னைத்தான் "மானே" என்று கூப்பிடுகிறார் என்று அம்மா கனகாலம் நினைத்திருந்தாவாம். விளக்கம் தெரிந்த அன்று இரண்டு நாள் கதைக்கவில்லை.

மார்ச் 7

காய்ச்சல் என்று மொட்டையாக எழுதிவிட்டேன். மலேரியா. அதற்கும் முந்தி, வெள்ளைக்காரன் காலத்தில் வன்னி என்றாலே பறங்கி வியாதி. உடம்பெல்லாம் புண், எலும்பு வரைக்கும் போகும். குளங்கள் உடைந்து கிடந்ததால், கெட்ட தண்ணியால் வருகிறது என்று அப்போது நம்பினார்கள். உண்மையில் அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தோல் பட்டுத் தொற்றுகிற கிருமி. பெனிசிலின் வந்ததும் அடங்கிவிட்டது. என் பேத்திக்கு (அம்மம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது) முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு இருந்தது. "பறங்கி" என்று மட்டும் சொல்லிச் சேலையை இழுத்து மூடிவிடுவா.

மலேரியா அவ்வளவு லேசில் போகவில்லை. 1963இல் நாடு முழுக்கப் பதிவானது வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று கையை விட்டார்கள். அறுபதுகளின் கடைசியில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. சண்டைக்காலத்தில் வன்னிதான் அதற்குக் காணி. 1999இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேல் மலேரியா. எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் ஐந்து தரம். மூன்று மணிக்கு நடுக்கம், சாக்கு, போர்வை, தம்பி எல்லாரையும் மேலே போட்டாலும் நிற்காது. ஐந்து மணிக்கு வேர்த்து ஊற்றும். ஆறு மணிக்குப் பசி. குளோரோகுயின் குளிசையின் கசப்பை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு மடிகிறது.

சின்னப் பிள்ளையில் வீட்டுக்கு நுளம்பு மருந்து, டிடிரி, அடிக்க வருவார்கள். சுவரெல்லாம் வெள்ளையாகும், மூட்டைப்பூச்சி சாகும், பூனையும் சாகும்.

மார்ச் 7, இரவு

சுகாதாரப் பகுதியில் வேலை செய்த ஒரு அண்ணை திருத்தியிருக்கிறார். நன்றி அண்ணை. எண்பதுகளில் அடித்தது டிடிரி இல்லை, மலத்தியன். எழுபதுகளிலேயே மாற்றிவிட்டார்கள். நாற்றத்தை வைத்தே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். டிடிரி அவ்வளவு நாறாது என்கிறார். ஊரில் எல்லாரும் டிடிரி என்றுதான் சொன்னது. பூனை செத்ததை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், கண்ணால் கண்டது.

முடிவு தெரியாதவர்களுக்கு: உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபர். 2016 செப்டெம்பர் 5இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதனால் இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஆளுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி "எந்த நாட்டிலயிருந்து வந்தனீங்கள்?". அதற்குக் கோபப்படாதீர்கள். இரத்தம் கொடுங்கள்.

மார்ச் 9, ஞாயிறு

பாம்பு கடித்தால் எங்கே போவது என்று மாங்குளம் பக்கம் இருக்கிற ஒருவர் கேட்டார். கிட்ட இருக்கிற ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். பரிகாரியிடம் (நாட்டு வைத்தியரிடம்) நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டாம், இரண்டாவது ஆளும் கடிவாங்கி வந்த கதை இருக்கிறது. தூரத்தில் நின்று ஃபோனில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

எங்கள் பக்கம் இரண்டு விதமாக நடக்கும். வயலில், வரம்பில், பின்னேரம்: அது அனேகமாக முத்திரைப் புடையன், அதாவது கண்ணாடி விரியன். கால் வீங்கும், பல் முரசால் இரத்தம் வரும். இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவனுக்கு: அது எட்டடி விரியன். கடித்ததே தெரியாது. வீக்கமும் இராது. விடிய வயிற்றுக்குத்து என்பார்கள், பிறகு இமை கீழே விழும், பிறகு மூச்சு. நெற்சூடு மிதிக்கிற காலத்தில் களத்தில் காவலுக்குப் படுக்கிறவர்கள் நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே நன்றாகச் செருகிப் படுங்கள். நுளம்புக்கு இல்லாவிட்டாலும் இதற்கு.

என் மச்சானுக்குப் புடையன் கடித்தது. மிஸி (தாதி) இரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேசையில் வைத்தா. "ஒருத்தரும் தொடக்கூடாது, இருபது நிமிசம்." அவ்வளவுதான் சோதனை. மெஷின் கிஷின் ஒன்றும் இல்லை. நான் சுவர் மணிக்கூட்டையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது ஆனதும் வந்து குழாயை ஒருக்காச் சரித்தா. தயிர் போல உறைந்திருக்க வேண்டியது தண்ணி போல ஓடியது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஆறு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் குழாய், திரும்பவும் இருபது நிமிடம். மூன்றாம் தரம் சரித்தபோது ஓடவில்லை. மிஸி என்னைப் பார்த்து "போய்த் தேத்தண்ணி குடியுங்கோ" என்றா.

அந்த மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை இந்த நாலுக்கும் சேர்த்துச் செய்தது. மூக்கு மேல்நோக்கி வளைந்த சின்ன விரியன் ஒன்று இருக்கிறது, அதற்கு இது பிடிக்காது. அதனால்தான் என்ன பாம்பு என்று டொக்டர் துருவித் துருவிக் கேட்பது.

மார்ச் 10

பரிகாரியைப் பற்றி எழுதியது ஒரு பக்கக் கதை. அதே மச்சானை முதலில் கொண்டுபோனது பரிகாரியிடம்தான். அந்தக் கிழவன் கடிவாயைப் பார்த்தார், முரசைப் பார்த்தார், "என்னால ஏலாது, ஓட்டோவைத் திருப்பு" என்றார். காசும் வாங்கவில்லை. அவருக்கு ஏலாது என்று தெரிந்ததுதான் மச்சானைக் காப்பாற்றியது. வேறு ஆளாயிருந்தால் வேர் அரைத்துக்கொண்டு இருந்திருப்பான்.

மார்ச் 12

"மாவட்டப் பொது வைத்தியசாலை என்று பெயர் பெரிதாக இருக்கு, ஏன் பிறகும் யாழ்ப்பாணத்துக்கு ஏத்துகினம்?" நல்ல கேள்வி. இந்த ஏணியை ஒருக்காச் சொல்லிவிடுகிறேன். அடியில் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவு, வெளிநோயாளர் மட்டும். அதற்கு மேல் பிரதேச வைத்தியசாலை, வாட்டு இருக்கும், விசேட நிபுணர் இருக்கமாட்டார். அதற்கு மேல் ஆதார வைத்தியசாலை. பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, பிள்ளைகள், பிள்ளைப்பேறு என்று நாலு அடிப்படை நிபுணர்களும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அதற்கு மேல் மாவட்டப் பொது வைத்தியசாலை. உச்சியில் போதனா வைத்தியசாலை, வடக்கில் அது யாழ்ப்பாணம். மூளை, இதயம் என்றால் மேலேதான் அனுப்புவார்கள். காகிதத்தில் இருக்கிற நிபுணர் இடமாற்றம் வாங்கிப் போய்விட்டால், கீழே செய்யக்கூடியதையும் மேலே அனுப்புவார்கள். வன்னிக்கு நியமனம் வந்தால் வந்து கையெழுத்து வைத்த அன்றே போக வழி பார்க்கிறவர்கள் உண்டு. வந்து பத்து வருடம் நின்றவர்களும் உண்டு. இரண்டாவது ஆட்களின் பெயர் ஊருக்குள் ஒவ்வொரு வீட்டிலும் தெரியும்.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. வவுனியா அதைவிடக் கூட. முல்லைத்தீவிலிருந்து மாங்குளச் சந்திக்கே 50 வரும். இன்றைக்கு யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி வழுக்கிக்கொண்டு போகிறது. இதே தூரத்தை அம்மாவோடு அம்புலன்ஸில் போன ஒரு இரவு எனக்குத் தெரியும். ஏத்தின இடத்தின் பெயர் வேண்டாம். கூடக் கொடுத்துவிட்ட கடிதத்தில் வேறு ஒருவருடைய பெயர். போய் இறங்கின பிறகுதான் பார்த்தார்கள். 58 வயது அம்மாவின் கையில் 23 வயது ஆம்பிளையின் வயிற்றுக்குத்துக் கடிதம். அந்தப் பொடியன் அம்மாவின் கடிதத்தோடு எங்கே போனானோ. விடிய மூன்று மணிக்கு ஃபோனில் வாசித்து எழுதி எடுத்தார்கள். கொப்பி இருந்தபடியால் அம்மாவுக்கு என்ன மருந்து என்று தெரிந்தது.

மார்ச் 12, பிறகு

1990 அம்புலன்ஸை விட்டுவிட்டேன். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. காசு இல்லை, 1990க்கு அடித்தால் வரும். புத்தூர்ச் சித்தப்பாவுக்கு நம்பரைச் சொன்னபோது "என்ன, திரும்பவும் 90ஆ?" என்று கேட்டார். எங்கள் ஆட்களுக்கு 90 என்றால் ஜூனில் தொடங்கின சண்டை, போன கரண்ட், இல்லாத மண்ணெண்ணெய். நம்பர் வைத்தவர்கள் எங்களிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

மார்ச் 13

முல்லைத்தீவுக்காரர் கோபம். நியாயம்தான், நான் எங்கள் வீட்டு முத்திரைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். சுருக்கமாக: அவர்களுடைய மாவட்டப் பொது வைத்தியசாலை கடற்கரைப் பட்டினத்தில் இல்லை, உள்ளே மாஞ்சோலையில் இருக்கிறது. 1996க்குப் பிறகு வன்னியின் வைத்தியச் சுமையைத் தாங்கினவை புதுக்குடியிருப்பும் மல்லாவியும். மல்லாவியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வெளிநாட்டு டொக்டர்மார் இருந்தார்கள். ஒரு வெள்ளைக்கார டொக்டர் "நோகுதா?" என்ற ஒரு சொல்லை மட்டும் படித்து வைத்துக்கொண்டு வாட்டு முழுக்கச் சுற்றுவார். நோகாதவனும் "ஓம்" என்பான், மனிசன் கேட்கிறாரே என்று.

2006 ஓகஸ்டில் ஏ9 மூடினதும் முகமாலைப் பக்கம் யாழ்ப்பாணம் போகிற வழி போய்விட்டது. மிச்சம் தெற்கே ஓமந்தை. செஞ்சிலுவைச் சங்கம் நடுவில் நின்றுதான் கடும் நோயாளிகள் வவுனியாவுக்குப் போனார்கள். 2008 செப்டெம்பரில் ஐ.நா.வையும் மற்ற வெளிநாட்டு நிறுவனங்களையும் வெளியேறச் சொன்ன பிறகு எஞ்சினது செஞ்சிலுவைச் சங்கமும் எங்கள் அரச ஆஸ்பத்திரி ஆட்களும்.

மார்ச் 15

தருமபுரம் முத்திரைக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன்.

2008 டிசெம்பர் கடைசியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரி வளவுக்குள் செல் (எறிகணை) விழுந்தது. ஆஸ்பத்திரி தருமபுரத்துக்குப் போனது. 2009 ஜனவரி 2இல் பட்டினம் இராணுவத்திடம் விழுந்தது. பிறகு தருமபுரமும் இல்லை. உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் பெப்ரவரி தொடக்கத்தில் பலமுறை எறிகணை விழுந்ததை உள்ளே இருந்த செஞ்சிலுவைச் சங்கமே வெளியில் அறிவித்தது. பிறகு மாத்தளன் பள்ளிக்கூடம். கடைசி முள்ளிவாய்க்கால். கிளிநொச்சிப் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளராக இருந்த டொக்டர் த. சத்தியமூர்த்தி, முல்லைத்தீவின் டொக்டர் து. வரதராஜா போன்றவர்கள் கடைசி வரை நின்றார்கள். முடிந்ததும் சில மாதம் தடுப்பில் இருந்தார்கள்.

அம்மாவின் முத்திரை இல்லாத இரண்டு பக்கமும் அந்த நாட்கள்தான். முத்திரை எந்தப் பங்கரில் புதைந்ததோ.

மாத்தளனில் வகுப்பறைக்குள் இடம் கிடையாது. வெளியில் தறப்பாள், கீழே கடற்கரை மணல். சேலைன் பை மரக்கொப்பில் தொங்கும். அப்பா அப்போது பென்சன் எடுக்கிற வயது, வேலைக்கு வா என்று கூப்பிட ஒருவரும் இல்லை. காலமை எழும்பி ஒரு பனையோலை ஈர்க்குக் கட்டை எடுத்துக்கொண்டு தறப்பாளுக்குக் கீழே மணலைக் கூட்டுவார். பஞ்சு, கட்டுத்துணி, இரத்தம் பட்ட மணல் எல்லாவற்றையும் ஒதுக்கிக் கிடங்கில் போட்டு மூடிவிட்டு, மிச்ச மணலில் கோடு கோடாக ஈர்க்குத் தடம் தெரியக் கூட்டுவார். பத்து நிமிடத்தில் சனம் மிதித்துவிடும். மணலைக் கூட்டி என்ன செய்யப் போகிறியள் என்று நான் கத்தினேன். "டொக்டர் ரவுண்ட்ஸ் வாறதுக்கு முதல் கூட்ட வேணும்" என்றார். அன்றைக்கும் ரவுண்ட்ஸ் வந்தது.

மார்ச் 16

கப்பலைப் பற்றி ஒருவர் கேட்டார். பெப்ரவரி 10இலிருந்து மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கம் கடல் வழியாகக் காயக்காரரையும் கூடப்போன ஆட்களையும் ஏற்றியது, மொத்தம் 13,000க்கு மேல். முதலில் திருகோணமலைக்கு, பிறகு புல்மோட்டைக்கும். புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஆஸ்பத்திரி போட்டிருந்தது. அம்மாவைக் கப்பலில் ஏற்றவில்லை. பிரஷருக்குக் கப்பல் கிடையாது, காயம் வேண்டும்.

நாங்கள் வவுனியாவுக்குத் தரையால் வந்து, பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாம். வவுனியா ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே ஒரு ஆள், நடைபாதையில் இரண்டு வரி. அங்கே ஒரு மிஸி அம்மாவின் கொப்பியை வாங்கிப் பார்த்து, முத்திரையில்லாத பக்கத்தைத் திருப்பி, ஒன்றும் கேட்காமல் அடுத்த பக்கத்தில் குத்தினா. அதுதான் அந்த வவுனியா முத்திரை.

மார்ச் 17

இப்போது சேரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு நிற்கிற கட்டடங்களைப் பார்த்து "2009க்குப் பிறகுதான்" என்றால் அதில் பிழை சொல்ல ஏலாது. நெதர்லாந்து உதவியோடு வடக்கில் நாலு ஆஸ்பத்திரிகளில் பெரிய வேலை நடந்தது: கிளிநொச்சியில் பெண்கள் நலத்துக்கான சிறப்பு மையம், மாங்குளத்தில் புனர்வாழ்வு வைத்தியம், மற்றவை வவுனியாவும் பருத்தித்துறையும். கிளிநொச்சி மையம் 2024 மேயில் திறந்தது. மாங்குளத்தைத் தெரிந்தெடுத்தது நல்ல யோசனை. கால் போனவர்கள், முதுகெலும்பு அடிபட்டவர்கள் அதிகம் இருக்கிற நிலத்துக்கு நடுவில், ஏ9உம் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கிற இடம்.

ஆனால் என் மனதில் ஒரு முள் இருக்கிறது. தங்கச்சியின் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது போய்ப் பார்த்தேன். பளபளவென்று தரை. அப்பா இருந்திருந்தால் இந்தத் தரையைக் கூட்டிப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார் என்றுதான் முதலில் வந்தது. பிறகு பார்த்தால் கூட்டுகிற பிள்ளை கொம்பனி உடுப்போடு நிற்கிறா, ஒப்பந்த வேலை. எவ்வளவு சம்பளம் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டா.

மார்ச் 17, இரவு

சொற்களைப் பற்றி ஒரு வரி. வாட்டுக்கு "விடுதி" என்று பலகை. ஊரில் ஒருவரும் சொல்வதில்லை. தாதிய உத்தியோகத்தர் என்று எழுதியிருக்கும், கூப்பிடுவது மிஸி. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த மனிசன். நாங்கள் இன்னும் "மானே"யில் நிற்கிறோம்.

மார்ச் 19, புதன்

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருக்கிறார். சேருக்குக் காட்ட அந்தக் கொப்பியை ஒரு நாளைக்குத் தர முடியுமா, பத்திரமாகத் திருப்பித் தருவாராம்.

அம்மாவிடம் கேட்டேன். கொப்பியைச் சேலைக்குள் இழுத்து வைத்துக்கொண்டா. "நாளைக்கு வியாழக்கிழமை, கிளினிக். கொப்பி இல்லாட்டி மருந்து தரமாட்டினம். வேணுமெண்டா அந்தச் சேரை ஐஞ்சரைக்கு வந்து எனக்கு நம்பர் எடுத்துத் தரச் சொல்லு, வரிசையில இருந்து பார்க்கட்டும்."

தம்பி, ஃபோனில் படம் எடுத்து அனுப்புகிறேன். தைத்த பக்கத்தையும் சேர்த்து. என்னுடைய கணக்கை மட்டும் மறைத்துவிடுகிறேன்.